ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4: பக்கத்துல உக்கார ஒரு ஆள் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குங்க

"மாமா அந்தக் கோழிய எடுத்துடாதீங்க, எனக்கு ஹெல்த்தே இல்ல!"

ஞாயித்துக்கெழம சாயங்காலம் அம்மாபேட்டைல எங்க தெருப்பக்கம் வந்தீங்கன்னா தறி சத்தத்தையும் தாண்டி இந்தக் கத்தல் கேக்கும். அக்கா பையன்தான், ஒம்பதாவது படிக்கறான். நானும் அவனும் இந்த கேமை ஆட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு, கதைய அஞ்சு தடவ முடிச்சாச்சு, ஆளுங்கள மாத்தி மாத்தி ஆடிப் பாத்தாச்சு. கேம் வந்தது 2020 ஏப்ரல் கடைசில, புதுசெல்லாம் இல்ல, ஆனா சேல் போடறப்பல்லாம் பசங்க யாராவது வந்து அண்ணா இது வாங்கலாமா வேணாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரே தடவ முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

இது எந்த மாதிரி கேம்னு ஒரே வார்த்தைல சொல்லணும்னா முஸ்தபா. தொண்ணூறுகள்ல சேலத்துல வளந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கமே வேணாம். 1993ல கேப்காம் விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்னு ஒரு ஆர்கேட் கேம், அதுல மஞ்சத் தொப்பி போட்ட ஒருத்தன் பேரு முஸ்தபா, நம்ம ஊர்ல கேமோட பேரே அதுதான், உண்மையான பேரு எனக்கே இன்டர்நெட் வந்தப்பறம்தான் தெரியும். வீடியோ கேம் கடைல மூணு பேர் தோளோட தோள் இடிச்சுட்டு நின்னு, இடது பக்கத்துல இருந்து வலது பக்கமா நடந்து போய்ட்டே வர்றவனையெல்லாம் அடிக்கறது, ட்ரம்ம ஒடைச்சா உள்ள சோறு, கடைசில ஒரு பெரிய தடியன். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜும் அதே குடும்பம்தான், ஆனா இது ஆர்கேட்ல வரல, வீட்டு டிவில மாட்டி ஆடற சேகாவோட மெகா ட்ரைவ் மெஷின்ல வந்தது, முதல் பாகம் 1991, ரெண்டாவது 1992, மூணாவது 1994. அதுக்கப்பறம் 26 வருஷம் ஒண்ணுமே இல்ல. இந்த நாலாவத எடுத்தது சேகாவே இல்ல, அவங்ககிட்ட அனுமதி வாங்கி டாட்எமு, லிசார்ட்க்யூப், கார்ட் க்ரஷ்னு மூணு சின்ன கம்பெனி சேந்து பண்ணாங்க. சின்ன வயசுல அந்த கேம ஆடினவங்க பெரியவங்களாகி எடுத்திருக்காங்கன்னு ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் தெரியும்.

கதைய பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல. வுட் ஓக் சிட்டினு ஒரு ஊரு, பழைய வில்லன் மிஸ்டர் எக்ஸோட பசங்க ரெட்டைப்பிள்ளைங்க, அண்ணன் தங்கச்சி ரெண்டும் சேந்து பாட்ட வச்சு ஊர் ஜனத்தோட மூளைய கட்டுப்படுத்தப் பாக்குதுங்க, பழைய ஹீரோ ஆக்ஸலும் ப்ளேஸும் மறுபடி தெருவுல எறங்கறாங்க, அவ்வளவுதான். நடுநடுல படமும் எழுத்துமா வரும், பேச்சு கெடையாது. தமிழும் கெடையாதுங்கறத தனியா சொல்ல வேண்டியதில்ல. மருமகப்பையன் முதல் நாள் மட்டும் படிச்சான், அடுத்த நாள்ல இருந்து பட்டன தட்டி தாண்டிட்டான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஏன்னா இந்த ஒண்ணுதான் இந்த கேம மத்த அடிதடி கேமுங்கள்ல இருந்து பிரிச்சுக் காட்டுது. ஸ்பெஷல் அடி. பழைய கேமுங்கள்ல ஸ்பெஷல் அடிச்சா உங்க ஹெல்த்துல கொஞ்சம் போய்டும், போனது போனதுதான், அதனால யாரும் அத தொடவே மாட்டாங்க, நாலு பக்கமும் சூழ்ந்து உயிர் போற நேரத்துல மட்டும் அமுக்குவாங்க. இதுல அப்படி இல்ல. ஸ்பெஷல் அடிச்சா ஹெல்த் பார்ல ஒரு துண்டு பச்சையா மாறும். அது இன்னும் உங்க கைய விட்டுப் போகல, கடன் மாதிரி நிக்குது. அடுத்தடுத்து எதிரிய அடிச்சீங்கன்னா அந்தப் பச்சை கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துடும். ஆனா அதுக்குள்ள ஒரே ஒரு அடி நீங்க வாங்கினா அந்தப் பச்சை மொத்தமும் காலி. செவ்வாப்பேட்டைல வட்டிக்கு வாங்கி வெள்ளி எடுக்கற மாதிரிதான், சரக்கு சீக்கிரம் கைமாறிட்டா லாபம், நடுவுல தடங்கல் வந்தா முழுசா முழுகிடும்.

இந்த ஒரு ஏற்பாட்டால என்ன ஆகுதுன்னா, பயந்து பயந்து ஆடறவன விட துணிஞ்சு ஆடறவனுக்கு கேம் கை குடுக்குது. தனியா ஆடறப்பயே நல்லாருக்கு, ஆனா ரெண்டு பேரா ஆடறப்பதான் இதோட அருமை புரியும். நான் ஸ்பெஷல் போட்டு பாதி பார் பச்சையா நிக்கறேன்னு வைங்க, என் பின்னாடி கத்தியோட ஒருத்தன் வரான், அந்த நேரத்துல பக்கத்துல இருக்கறவன் அவன தடுத்தான்னா என் பச்சை எனக்கு. தடுக்கலன்னா போச்சு. அதனால ஆடறப்ப எதிரிய மட்டும் பாக்கறதில்ல, பக்கத்தாளோட பாரையும் ஒரு கண்ணு பாத்துட்டே இருக்கோம். "மாமா பச்சைல இருக்கேன், பின்னாடி பாத்துக்கங்க"ன்னு அவன் கத்தறதும், நான் கைல இருக்கறவன விட்டுட்டு ஓடறதும்... முஸ்தபா காலத்துல கூட இந்த அளவுக்கு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டது கெடையாது, அங்க அவனவன் காயினுக்கு அவனவன் அடிச்சான்.

காம்போவும் இதே மாதிரிதான். தொடர்ந்து அடிக்க அடிக்க எண்ணிக்கை ஏறும், அடி வாங்காம முடிச்சீங்கன்னா ஸ்கோர்ல சேரும், நடுவுல வாங்கினா எல்லாம் வீண். ஸ்கோர் ஏறினா எக்ஸ்ட்ரா லைஃப். அதனால ஒருத்தன் எதிரிய தூக்கி வீச, இன்னொருத்தன் அது கீழ விழறதுக்குள்ள அந்தரத்துலயே வாங்கி சுவத்துல மோதவிட்டு திரும்பி வர்றத மறுபடி அடிக்கறதுன்னு போய்ட்டே இருக்கும். கத்தி, பைப்பு, பாட்டில்னு எதையாவது எறிஞ்சா எதிரி மேல பட்டு தெறிச்சு வரும், சரியான நேரத்துல எடுக்கற பட்டன அமுக்கினா அத காத்துலயே பிடிச்சுக்கலாம். இத முதல் தடவ தெரியாம பண்ணப்ப மருமகன் எழுந்து நின்னுட்டான். அப்பறம் ரெண்டு நாள் வேற எதையும் ஆடாம எறியறதும் பிடிக்கறதுமாவே போச்சு.

சாப்பாடு பழைய மாதிரிதான், தொட்டி ட்ரம்மெல்லாம் ஒடைச்சா ஆப்பிள், முழு கோழி கெடைக்கும், யார் எடுக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும்தான், பங்கு கெடையாது. எங்க வீட்டுல இப்ப ஒரு சட்டம் இருக்கு, யாருக்கு கம்மியா இருக்கோ அவங்களுக்குத்தான் கோழி, ஆப்பிள் யாருக்கு பக்கமோ அவங்களுக்கு. இந்தச் சட்டத்த போட்டவன் அந்தப் பையன்தான்.

கேரக்டர் பத்தி கொஞ்சம். ஆரம்பத்துல நாலு பேர். ஆக்ஸல் இப்ப தாடியெல்லாம் வச்சு கொஞ்சம் சதை போட்ட ஆளு, நடை மெதுவு ஆனா அடி கனம், முன்னாடி ரெண்டு தடவ தட்டி அடிச்சா பாய்ஞ்சு மேல குத்துவான். ப்ளேஸ் எல்லாத்துலயும் சமமா இருக்கும், புதுசா ஆடறவங்க இவங்கள எடுத்தா நல்லது. செரி, முதல் பாகத்து ஹீரோ ஆடம் ஹன்டரோட பொண்ணு, முதுகுல கிட்டார், அடி லேசா இருந்தாலும் ஓடற ஒரே ஆளு இவதான். ஃப்ளாய்ட்னு ஒருத்தன், ரெண்டு கையும் மெஷின், நடந்தா ஆமை, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேர பிடிச்சு தலையோட தலை மோதவிடுவான். நாலாவது ஸ்டேஜ் முடிச்சா ஆடமும் வந்துடுவார். ஆடிட்டே இருந்தா பழைய பாகங்கள்ல இருந்த ஆளுங்களும் அந்தப் பழைய புள்ளிப்படமாவே (பிக்ஸல்) தொறக்கும். நான் ஃப்ளாய்ட், மருமகன் செரி. இந்த ஜோடி எங்களுக்கு பிரமாதமா ஒத்துப்போச்சு, நான் பிடிச்சு வச்சுக்குவேன், அவ ஓடிவந்து உதைப்பா. ரெண்டு பேரும் மெதுவான ஆள எடுத்தா தூரத்துல நின்னு தொல்லை பண்றவங்ககிட்ட மாட்டிப்பீங்க, ஒருத்தராவது வேகமான ஆளா இருக்கட்டும்.

மொத்தம் 12 ஸ்டேஜ். எனக்குப் புடிச்சது ரெண்டாவது, போலீஸ் ஸ்டேஷன். லாக்கப்ல இருந்து கெளம்பணும், உள்ள இருக்கற ரவுடிங்களும் போலீஸும் அவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க, நாம கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாத்துட்டு மிச்சம் இருக்கறவங்கள மட்டும் கவனிச்சா போதும். ரெண்டு பேரும் பேசி வச்சு ஓரமா ஒதுங்கறது ஒரு தனி சந்தோஷம். ஏழாவது ஓடற ட்ரெயின் மேல, எதிர்ல வர்ற பலகைங்க நம்மளயும் அடிக்கும் எதிரியையும் அடிக்கும். சைனாடவுன் ஸ்டேஜ் பாக்கறதுக்கு அவ்வளவு அழகு, ஆனா அந்தக் கராத்தே பள்ளிக்கூடத்துக்குள்ள நொழஞ்சீங்கன்னா தெரியும் சேதி.

படம் மொத்தமும் கையால வரைஞ்சது. பழைய புள்ளிப்பட ஸ்டைல விட்டுட்டு கார்ட்டூன் மாதிரி பண்ணிட்டாங்கன்னு நெறைய பேர் முதல்ல கொறை சொன்னாங்க, எனக்கு அந்தக் கொறையில ஒடன்பாடு இல்ல. நியான் லைட்டு ஆளுங்க மேல விழற விதம், மழை ஈரத்துல தெரு மினுக்கறது, ஒவ்வொருத்தனும் அடி வாங்கறப்ப மூஞ்சி கோணற விதம், இதெல்லாம் ஒரு ஆள் உக்காந்து ஒவ்வொண்ணா வரைஞ்சாத்தான் வரும். பாட்டு முக்காவாசி ஒலிவியே டெரிவியேர், கூட பழைய பாகங்களுக்கு இசை போட்ட யூசோ கோஷிரோ, மோட்டோஹிரோ கவாஷிமாவும் வந்திருக்காங்க. பாஸ், அதான் ஸ்டேஜ் கடைசில நிக்கற பெரிய தடியன், வந்தா பாட்டும் கூடவே மாறி ஏறும். எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு தறி ஓடும், அந்தத் தாளமும் இந்த பீட்டும் சில நேரம் ஒண்ணா விழும், அப்ப ஹால்ல உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் தல தானா ஆடும். பழைய பாட்டுதான் வேணும்னா ஆப்ஷன்ல போய் முதல் ரெண்டு பாகத்தோட இசைக்கே மாத்திக்கலாம்.

இவ்வளவு நல்லதா சொல்லிட்டு கொறைய மறைக்க முடியாது, இருக்கு.

பெரிய கொறை ஆன்லைன். ஒரே வீட்டுல உக்காந்தா நாலு பேர் ஆடலாம், ஆன்லைன்ல ரெண்டே பேர்தான். இது ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசு ஒப்பல. பெரியப்பா பையன் ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை பாக்கறாரு, எனக்கு அண்ணன், சின்ன வயசுல ஒரே காயின பங்கு போட்டு முஸ்தபா ஆடினவங்க நாங்க. அவருக்காகத்தான் இந்த கேமையே முதல்ல தேடினேன். அவரு மேல, நாங்க கீழ, நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. நானும் மருமகனும் இங்க ஒரே டிவில உக்காந்து, அவர அங்க இருந்து சேத்துக்கலாம்னு பாத்தா வழியே இல்ல. ஒண்ணு நானும் அவரும், இல்ல நானும் பையனும். கடைசில பிசி கேம் விக்கற ஸ்டீம்ல இருக்கற ரிமோட் ப்ளே டுகெதர வச்சு, எங்க கம்ப்யூட்டர்ல ஓடற கேமையே அவருக்கு நெட்ல அனுப்பி மூணு பேரா ஆடிப்பாத்தோம். அந்த வழில நாலு பேர் வரைக்கும் போகலாம், ஆனா முழு பாரமும் நம்ம நெட்டு மேல விழும். வெயில் நாள்ல ஓரளவுக்கு ஓடிச்சு. ஐப்பசில மேல மழையும் பனியும் எறங்கிடுச்சுன்னா அவரு பட்டன அமுக்கி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அடி விழுது. கதை பாத்து ரசிக்கற கேம்னா தாங்கிக்கலாம், இதுல நொடிக்குள்ள முடிவு பண்ணணும், பச்சை பார வச்சுட்டு நிக்கறப்ப கை லேட்டானா எல்லாமே போச்சு. ரெண்டு பேர் மட்டும் நேரடியா ஆன்லைன்ல ஆடறது அத விட பரவால்ல, ஆனாலும் பக்கத்துல உக்காந்து ஆடற அந்த சுத்தம் வராது. அண்ணன் இப்ப மாசத்துக்கு ஒரு தடவ பஸ் புடிச்சு கீழ வந்துடறாரு, வர்றப்ப காபித்தூளும் எடுத்துட்டு வருவாரு, நான் தட்டுவடை செட் வாங்கி வச்சிருப்பேன், அன்னிக்கு ராத்திரி முழுக்க கேம்தான். தட்டுவடை தின்ன கையோட கன்ட்ரோலர தொடறதுக்கு மட்டும் வீட்டுல அனுமதி இல்ல.

ரெண்டாவது கொறை பாஸ் ஆளுங்க. நாம நல்லா காம்போ போட்டுட்டு இருக்கறப்ப திடீர்னு அவங்க ஒடம்பு மின்னும், அப்ப நம்ம அடி அவங்களுக்கு ஒறைக்காது, அவங்க அடி மட்டும் நமக்கு ஒறைக்கும். தந்திரம் தெரிஞ்சா விலகிக்கலாம்தான், ஆனா இதுல தடுக்கறதுக்குனு ஒரு பட்டனே கெடையாது, செரிய தவிர மத்த நாலு பேருக்கும் ஓட்டமும் கெடையாது. குதிக்கணும், இல்ல மேல கீழ நகரணும், இல்ல ஸ்பெஷல செலவு பண்ணணும். ஆக்ஸலயோ ஃப்ளாய்டயோ வச்சுட்டு எட்டத்துல குதிச்சுட்டு இருக்கற பாஸ தொரத்தறது சலிப்புத் தட்டும். மூணாவது ஸ்டேஜ்ல சாட்டையோட வர்ற நோரா கூட ஆளுங்கள கூப்பிட்டு வச்சுக்கும், முதல் வாரம் அங்கயே நின்னுட்டோம். தோத்துட்டா கூடுதல் லைஃப், ஸ்டார் (ரொம்பப் பெரிய அடிக்கு செலவாகறது) எல்லாம் எடுத்துக்கலாம், ஸ்கோர் மட்டும் கொறையும், இத எடுக்க கூச்சப்படாதீங்க, சின்னப்பசங்க கூட ஆடறப்ப இது இல்லாட்டி அழுகைல முடியும்.

நாலு பேர் ஆடறத பத்தியும் சொல்லிடறேன். ஒரு தடவ பொங்கல் லீவுக்கு அக்கா பொண்ணும் சேந்து நாலு கன்ட்ரோலரோட உக்காந்தோம். சிரிப்புக்கு பஞ்சமே இல்ல, ஆனா கேமா பாத்தா நாலு பேரு ஸ்பெஷலும் ஒரே எடத்துல வெடிக்கறப்ப நம்ம ஆளு எங்கன்னே தெரியாது. எங்க வீட்டு டிவி 32 இன்ச், அதுல ரொம்ப நெருக்கடி. கூடவே நாம அடிக்கறது நம்ம ஆளுங்க மேலயே படற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, நாலு பேர்னா மறக்காம அத ஆஃப் பண்ணிடுங்க, நாங்க பண்ணாம விட்டு முதல் அரை மணி நேரம் ஒருத்தர ஒருத்தர் அடிச்சதுதான் மிச்சம். என் கணக்குல ரெண்டு பேர் சரியான அளவு, மூணு பேர் வரைக்கும் தாங்கும்.

நீளம் கம்மிங்கறதும் உண்மை. ரெண்டு ராத்திரி உக்காந்தா கதை முடிஞ்சுடும். அதுக்கப்பறம் என்னன்னா கஷ்டத்த ஏத்தி மறுபடி ஆடறது, ஒரே மூச்சுல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் போற ஆர்கேட் மோட், பாஸ் மட்டும் வரிசையா வர்ற மோட். சில ஸ்டேஜ்ல ஓரமா ஒரு பழைய ஆர்கேட் மெஷின் நிக்கும், கரண்ட் அடிக்கற டேசர எடுத்து அத அடிச்சீங்கன்னா பழைய பாகத்தோட பாஸ் சண்டைக்குள்ள இழுத்துட்டுப் போகும், இத நாங்களா கண்டுபுடிக்கல, அண்ணன்தான் சொன்னாரு. கதை மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வைக்கற ஆளுன்னா முழு விலை குடுக்காதீங்க, சேலுக்கு காத்திருங்க.

2021 ஜூலைல மிஸ்டர் எக்ஸ் நைட்மேர்னு தனியா காசு குடுத்து வாங்கற ஒண்ணு வந்துச்சு. அதுல எஸ்டெல், மேக்ஸ், ஷிவானு கதைல நம்மள அடிச்ச மூணு பேரையே நாம எடுத்து ஆடலாம், கூடவே சர்வைவல்னு ஒரு மோட், அறை அறையா எதிரி வருவாங்க, ஒவ்வொரு அறை முடிஞ்சதும் ஒரு சக்திய தேர்ந்தெடுக்கணும், அடில விஷம் ஏறும், கரண்ட் ஏறும், இப்படி. ஆட ஆட நம்ம ஆளுங்களுக்கு புது அடிங்க தொறக்கும், அத கதைலயும் போட்டு ஆடலாம். ரெண்டு பேர் வாராவாரம் ஆடற வீடா இருந்தா இத வாங்காம விடாதீங்க, எங்களுக்கு எட்டு மாசம் ஓடினதுல பாதி இதனாலதான். எப்பவாவது ஒரு தடவ ஆடறவங்களுக்கு இது தேவையே இல்ல.

மெஷின் பத்தி கேப்பீங்க. பிசி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் எல்லாத்துலயும் இருக்கு, 2022ல போனுக்கும் வந்துடுச்சு. எங்களுது ஏழு வருஷப் பழைய லேப்டாப், டிவில ஒயர் குத்தி ஓட்டறோம், ஒரு தடவ கூட திக்கல. போன்ல ஆடறதுன்னா ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலராவது வச்சுக்கங்க, கண்ணாடிய தடவி இந்த வேகத்துக்கு ஆட முடியாது. கன்ட்ரோலர் ரெண்டும் ஒரே மாதிரியானதா இருக்கட்டும், இல்லன்னா நல்லது யாருக்குன்னு தெனமும் பஞ்சாயத்து.

ஆரம்பிக்கறவங்க நார்மல்ல ஆரம்பிங்க, ஈஸில போட்டா அந்தப் பச்சை பாரோட பயமே இருக்காது, பயம் இல்லன்னா பக்கத்தாள பாக்கற தேவையும் வராது. முதல் பாஸ் டிவா, கரண்ட் விடற பாம்புக்காரி, அவ மின்னறப்ப கிட்ட போகாதீங்க, ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் நின்னுக்கங்க, அவ யார் பக்கம் திரும்பறாளோ அவங்க ஓடணும், இன்னொருத்தர் அடிக்கணும். நாங்க இப்ப நாலாவது கஷ்டம், ஹார்டெஸ்ட்ல, பதினோராவது ஸ்டேஜ் ப்ளேன்ல நிக்கறோம். வர்ற சனிக்கெழம அண்ணன் மலையில இருந்து எறங்கறாரு, ஆக்ஸல் அவருக்குன்னு மருமகன் இப்பவே சொல்லி வச்சுட்டான்.